காரில் விட்ட மூன்று போத்தல்கள்

பாலைவனத்திலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலை, என் சிறுநீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் போனது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் குளியலறையில் வெளிச்சம் குறைவு. மின்குமிழ் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானமும் அதே நிறம், அளவு மட்டும் குறைந்திருந்தது. பின்னேரம் போகவே இல்லை.

மனைவி வதனியிடம் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தால் சரியாகும் என்று குடித்துக்கொண்டே இருந்தேன். குடித்தது எதுவும் வெளியே வரவில்லை. அடுத்த நாள் காலுறையைக் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றி ஆழமாக ஒரு வளையம் விழுந்திருந்தது. வதனி அதைக் கண்டாள். விரலால் அழுத்தினாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"என்னப்பா இது? எத்தினை நாளா இப்பிடி?"

"நேற்றிலிருந்து."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போக என் சப்பாத்தை எடுத்து வந்து கீழே வைத்தாள்.

டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்யும் வேலையை இயந்திரம் செய்வது) நாற்காலியில் முதல் தடவை உட்காரப் போகிறவர்களுக்கும், அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு மருத்துவம் தெரியாது. ஜான்-டலோன் சந்தையில் இருபத்திரண்டு வருடமாக மரக்கறிப் பெட்டி இறக்குகிறவன் நான். என் உடம்புக்கு நடந்ததும், நான் மறைத்ததும் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் மகள் ஆரணிக்கு இருபத்தைந்து வயது. பாறைகளைப் பற்றிப் படித்தவள். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, அதன் அடியில் நின்று மேலே பார்த்தால் பூமியின் வயது தெரியும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்த முதல் வருடமே மே மாதத்தில் எங்கள் இருவரையும் கூட்டிப்போனாள்.

பயணத்துக்கு முன்பே அவள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அப்பா, ஒருத்தருக்கு நாலு லீற்றர். கீழ தண்ணி இல்லை. இறங்கேக்க குளிரா இருக்கும், ஏறேக்கதான் தெரியும்."

மூன்று பேருக்குப் பன்னிரண்டு ஒரு லீற்றர்ப் போத்தல்கள். ஆரணி தன்னுடைய நான்கையும் தன் பையில் வைத்துக்கொண்டாள். வதனியின் நான்கையும் என்னுடைய நான்கையும் நான் தூக்குவதாகச் சொன்னேன். வதனி தன் பையைத் திறந்து நீட்டியபோது, "நீர் சும்மா வாரும்" என்றேன். நாளெல்லாம் பெட்டி தூக்குகிறவனுக்கு எட்டுப் போத்தல் ஒரு பாரமா?

பாரமாகத்தான் இருந்தது. அந்தப் பனிக்காலத்திலிருந்தே என் வலது முழங்கால் நோகத் தொடங்கியிருந்தது. சந்தையில் யாருக்கும் தெரியாது, வீட்டிலும் தெரியாது. அன்று விடியற்காலையில் இரண்டு ஐபுப்ரோஃபென் வலி மாத்திரைகள் போட்டிருந்தேன். இரத்த அழுத்தத்துக்கு நான் வழக்கமாக எடுக்கும் மாத்திரையையும் போட்டேன். அது உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றும் வகை. இந்த இரண்டும் வெக்கையில் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகத்துக்கு என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது.

தாயும் மகளும் கழிப்பறைக்குப் போன நேரத்தில் நான் என் பையிலிருந்து மூன்று போத்தல்களை எடுத்தேன். முன் ஆசனத்துக்குக் கீழே தள்ளி, மேலே என் மேற்சட்டையைப் போட்டு மூடினேன். மத்தியானத்துக்கிடையில் திரும்பிவிடுவோம், ஐந்து போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. சிவப்பும் மஞ்சளுமாகப் பாறை அடுக்குகள். ஆரணி ஒவ்வோர் அடுக்கின் பெயரையும் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தக் காற்று வியர்வையை வரும்போதே குடித்துவிடும். சட்டை நனையாது. அதனால் வியர்க்கவில்லை என்று நினைப்போம்.

ஏறும்போது பாறைகளே சூட்டைத் திருப்பி அடித்தன. பாதி வழியில் என் பையில் ஒரு போத்தல்தான் மிஞ்சியிருந்தது. அதை வதனியிடம் கொடுத்தேன்.

"உங்களுக்கு?"

"நான் இப்பதான் குடிச்சனான்."

அவள் நம்பினாள். பையில் இன்னும் இருக்கிறது என்று நினைத்தாள். அவளுக்கு முன்னால் நடந்தால் நான் குடிக்காதது தெரியாது என்று முன்னால் நடந்தேன். பிறகு தொடைத் தசைகள் கல்லாக இறுகின. இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். மேலிருந்து இறங்கி வந்த ஒரு தம்பதி எனக்குத் தண்ணீரும் உப்புப் பிஸ்கற்றும் தந்தார்கள். ஆரணி ஒரு பக்கமும் வதனி மறுபக்கமும் பிடித்து மிகுதித் தூரத்தை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று ஆரணி கெஞ்சினாள். ஒன்றுமில்லை, படுத்தால் சரி என்றேன்.

காரில் ஏறியதும் மேற்சட்டையை விலக்கி மூன்று போத்தல்களையும் எடுத்தேன். வதனி ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

"திரும்பி வரேக்க குடிக்க எண்டு வச்சனான்" என்றேன்.

"நல்லவேளை, முதலே யோசிச்சு வச்சிருக்கிறியள்" என்று சொல்லி என் தலையைத் தடவினாள். அந்தப் பாராட்டை நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

மொன்றியல் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரத்தம் எடுத்தபின் எல்லாம் வேகமாக நடந்தது. பொட்டாசியம் (அளவு கூடினால் இதயத்தை நிறுத்தக்கூடிய உப்பு) மிக அதிகம் என்றார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இருக்கவேண்டியதைவிட எத்தனையோ மடங்கு. எனக்கு வந்திருப்பது ராப்டோமையோலிசிஸ் (தசை உடைந்து அதன் சிதைவு இரத்தத்தில் கலப்பது) என்றார்கள். அந்தச் சிதைவுதான் சிறுநீரகக் குழாய்களை அடைத்திருந்தது. தேநீர் நிறமும் அதனால்தான்.

என் கழுத்தின் வலப்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, உள்ளே ஒரு குழாயைச் செருகினார்கள். அன்று பின்னேரமே இயந்திரத்தில் இணைத்தார்கள். என் இரத்தம் எனக்கு வெளியே ஓடுவதை நான் பார்க்கவில்லை. வதனி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை என் கால்மேல் இருந்தது. வீங்கிய காலில் அந்தக் கையின் சூடு எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் வந்து சேர்ந்தது.

மூன்றாம் நாள் சிறுநீரக வைத்தியர் கட்டிலருகில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய கியூபெக் பெண்மணி. எனக்காக ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். அகப்படாத சொல்லுக்குப் பிரெஞ்சுக்குப் போனார், ஆரணி அதை மொழிபெயர்த்தாள்.

"அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?"

நான் வாயைத் திறக்குமுன் ஆரணி சொன்னாள்: "நான்கு லீற்றர். நான்தான் கணக்குப் போட்டேன்."

வைத்தியர் குறிப்பைப் பார்த்து யோசித்தார். நான்கு லீற்றர் குடித்த ஒருவருக்கு ஒரு நாள் நடையில் இவ்வளவு தசை உடைவது வழக்கமில்லை என்றார். பிறவியிலேயே தசையில் ஒரு குறை இருக்கலாம். தொடையிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டிப் பார்க்கவேண்டிவரும். அப்படி ஒரு குறை இருந்தால் அது பிள்ளைக்கும் வந்திருக்கலாம்.

"அப்படியென்றால் என்னையும் சோதித்துப் பாருங்கள்" என்றாள் ஆரணி. பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், மிகவும் சின்னக் குரலில், "நாலு லீற்றர் போதாமப் போயிட்டுது, அப்பா. நான் அஞ்சு எண்டு சொல்லியிருக்கோணும். நான்தானே உங்களைக் கூட்டிக்கொண்டு போனனான்" என்றாள்.

அவளுடைய கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. மூன்று நாளாக அவள் சாப்பிடவில்லை என்று வதனி சொல்லியிருந்தாள். அதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஆரணி, நீ சொன்ன கணக்குச் சரி" என்றேன். "மூண்டு போத்தலை நான் காரில விட்டிட்டு வந்தனான். பை பாரமா இருந்தது. முழங்கால் நொந்தது. எனக்குச் சொல்ல வெக்கமா இருந்தது."

 அதையே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வைத்தியரிடம் திரும்பச் சொன்னேன். ஐந்து போத்தலில் பெரும்பகுதி மனைவிக்குப் போனது, நான் குடித்தது ஒன்றரை லீற்றர்கூட இராது, காலையில் வலி மாத்திரையும் போட்டேன் என்றேன். அவர் பேனையை மடியில் வைத்தார்.

"சொன்னதற்கு நன்றி" என்றார். "இனி உங்கள் தொடையை வெட்டத் தேவையில்லை. மகளைச் சோதிக்கவும் தேவையில்லை. வலி மாத்திரை எத்தனை போட்டீர்கள், எந்த நேரத்தில் போட்டீர்கள், அதைச் சொல்லுங்கள்."

ஆரணி எழுந்து வெளியே போனாள். கதவு மெதுவாகத்தான் மூடியது.

வைத்தியரும் போனபிறகு வதனி ஜன்னலோரம் நின்றாள். கோபத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நான் கேட்டனானா, என்ர தண்ணியையும் சேத்துத் தூக்குங்கோ எண்டு?"

"இல்லை."

"எனக்கும் ரெண்டு தோள் இருக்கு. கலியாணம் கட்டின இருவத்தேழு வருஷமா இருக்கு. நீங்கள் ஒருநாளும் பாக்கேல்லை."

பிறகு வந்து என் தலையணையை நிமிர்த்தி வைத்தாள்.

ஆரணி நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். கையில் நகவெட்டி இருந்தது. வயிறும் காலும் வீங்கி நான் குனிய முடியாதிருந்தேன். கட்டில் முனையில் உட்கார்ந்து, என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் இன்னும் உங்களோட கோவம்" என்றாள். "ஆனா நகம் வளந்திட்டுது."

பத்து நகங்களையும் ஒவ்வொன்றாக வெட்டி முடித்தாள். சின்ன விரலின் நகத்தை அவள் மிகவும் கவனமாக வெட்டினாள். போகும்போது, "நாளைக்கும் வாறன்" என்றாள்.

பதினொரு நாளில் வீட்டுக்கு விட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சிறுநீரகம் திரும்புமா என்று கேட்டேன். "திரும்பலாம். பல வாரம் எடுக்கலாம். திரும்பாமலும் விடலாம்" என்றார் வைத்தியர். பொய் கலக்காத அந்தப் பதில் எனக்கு எப்படியோ ஆறுதலாக இருந்தது.

இந்த நாட்களில் கடினமானது ஊசியோ குழாயோ அல்ல, தாகம்தான். சிறுநீர் போகாத உடம்பில் குடிப்பதெல்லாம் தேங்கும். நுரையீரலிலும் தேங்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு லீற்றர்தான், சொதியும் தேநீரும் அதற்குள் அடக்கம். காலையில் வதனி ஒரு கண்ணாடிக் குடுவையில் அந்த ஒரு லீற்றரை அளந்து வைப்பாள். நான் எதைக் குடித்தாலும் அதே அளவைக் குடுவையிலிருந்து வெளியே ஊற்றிவிடுவாள். ஜூன் மாத வெக்கையில், சாப்பாட்டு மேசையில் அந்தக் குடுவையின் மட்டம் இறங்குவதைப் பார்த்தபடி இருப்பேன்.

டயாலிசிஸ் பிரிவில் எனக்கு அடுத்த நாற்காலி ரோஸ்மேரியுடையது. மட்டக்களப்பைச் சேர்ந்தவர், நாற்பது வயது இருக்கும். ஆறு வருடமாக அங்கே வருகிறார். நான் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பதைக் கண்டு முதல் நாளே சொன்னார்.

"அண்ணா, முந்திரிப்பழம் இருக்கெல்லோ, அதை ஃப்ரீஸருக்குள்ள போட்டு வைங்க. ஒண்டை எடுத்து வாயில போட்டா அரை மணித்தியாலம் கிடக்கும். கடிக்காதீங்க."

முந்திரிப்பழம் என்று அவர் சொன்னது திராட்சையை. சந்தையில் நான் பெட்டி பெட்டியாக இறக்கியது. உறைந்த ஒரு திராட்சை வாய்க்குள் கரைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. (பழங்களிலும் பொட்டாசியம் உண்டு. எது, எத்தனை என்று உங்கள் உணவு ஆலோசகரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நானும் கேட்டேன்.)

ஒரு நாள் மத்தியானம் குளியலறைக் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு விழுங்கும் சத்தம். வதனி வெளியே வந்து புறங்கையால் வாயைத் துடைத்தாள். யோசித்துப் பார்த்தேன். நான் வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் தண்ணீர் குடித்து நான் காணவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் எழுந்து போவாள். அது இதற்குத்தானா?

"வதனி, நீர் உள்ளுக்கை போயே தண்ணி குடிக்கிறனீர்?"

பிடிபட்டவள்போல நின்றாள். "உங்களுக்கு முன்னால குடிக்க எனக்குத் தொண்டைக்குள்ள இறங்குதில்லை."

"இஞ்ச வந்து இரும். ஒரு கிளாஸ் எடுத்து என்ர முன்னால குடியும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"மெய்யாத்தான். நீர் குடிக்கிறதைப் பாத்தா எனக்குக் குளிரும்."

அவள் உட்கார்ந்தாள். குடித்தாள். பாதியில் நிறுத்தி அழுதாள். அழுதுகொண்டே மிச்சத்தையும் குடித்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அவள் என் எதிரில் இருந்து முழுக் கிளாஸையும் குடித்தாள். உண்மையில் எனக்குக் குளிர்ந்தது. நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களே, அவர் பார்க்கக்கூடாது என்று ஒளித்துக் குடிக்காதீர்கள். ஒளிப்பதும் அவருக்குக் கேட்கும்.

ஆறாம் வாரத்தில் ஒரு காலை, அளவு போட்ட பிளாஸ்டிக் கோப்பையில் ஐம்பது மில்லிலீற்றர் சிறுநீர் விழுந்தது. வைக்கோல் நிறம். நான் குளியலறையிலிருந்தே கூப்பிட்டேன். வதனி மாவுக் கையோடு ஓடி வந்து, கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஆரணிக்குப் படம் அனுப்பினாள். ஆரணி வேலைத்தளத்திலிருந்து உடனே அழைத்தாள்.

"அப்பா, எல்லாருக்கும் முன்னால நான் சத்தம் போட்டிட்டன். என்ன எண்டு கேக்கினம். நான் என்னண்டு சொல்லுறது?"

"அப்பா மூத்திரம் பெஞ்சிட்டார் எண்டு சொல்லு."

அவள் சிரித்தாள். பாலைவனத்துக்குப் பிறகு நான் கேட்ட அவளுடைய முதல் சிரிப்பு அது.

ஐம்பது இருநூறாயிற்று, இருநூறு எண்ணூறாயிற்று. பிறகு ஒரு கட்டத்தில் சிறுநீரகம் அளவு தெரியாமல் நீரைக் கொட்டத் தொடங்கியது. இப்போது நான் நிறையக் குடிக்கவேண்டும் என்றார்கள். குணமாகும் சிறுநீரகம் முதலில் இப்படித்தான் தடுமாறுமாம். ஒரு வாரம் முந்தி மறுக்கப்பட்டதையே இப்போது மருந்தாகக் குடித்தேன். முதல் நாள் முழுக் கிளாஸை என்னால் குடிக்க முடியவில்லை. கை தானாகவே பாதியில் கிளாஸை மேசையில் வைத்தது.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். கடைசி நாள் ரோஸ்மேரியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவருக்கு இன்னும் மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கவில்லை. நான் என் தவறால் அங்கே வந்து, அவருக்கு முன்னால் எழுந்து போகிறேன். என் முகத்தைப் பார்த்தே அவர் அறிந்துகொண்டார்.

"குழாய் எடுத்தாச்சோ?"

"ஓம் தங்கச்சி."

"சந்தோசம் அண்ணா. மெய்யாவே சந்தோசம்."

பழக்கத்தில், "அப்ப, போயிட்டு வாறன்" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவர் தன் இயந்திரத்தில் கட்டப்படாத கையை நீட்டி என்னை நிறுத்தினார். "இஞ்ச மட்டும் அப்பிடிச் சொல்லாதீங்க. போறன் எண்டு சொல்லுங்க."

எந்த வீட்டு வாசலிலும் நான் சொல்லாத சொல். சொன்னேன். "போறன்."

"ஓ, போங்க" என்று சிரித்தார்.

இப்போது என் சிறுநீரகங்கள் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக வேலை செய்கின்றன. மிச்சம் திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வலி மாத்திரைகள் இனி ஆயுளுக்கும் இல்லை. முழங்கால் நொந்தால் நோகிறது என்று சொல்கிறேன். சந்தையில் பெட்டி இறக்குவதில்லை. தட்டுகளில் காய்களை அடுக்குகிறேன். கத்தரிக்காயைக் காம்பு ஒரே பக்கம் பார்க்க அடுக்க நேரம் எடுக்கும். அந்த நேரம் எனக்கு இருக்கிறது.

ஒக்டோபரில் வைத்தியர் அடுத்த சந்திப்பை ஆறு மாதம் தள்ளிப் போட்டார். முதலில் மணிக்கொரு தடவை இரத்தம் எடுத்தார்கள். பிறகு நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று. இப்போது அரை வருடத்தை மொத்தமாக என் கையில் தந்துவிட்டார்கள். அவ்வளவு காலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் வதனியும் பார்க் மெத்ரோ நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தோம்.

சந்தியில் ஒரு கார்தெரியின் (குழந்தைகள் காப்பகம்) பிள்ளைகள் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்கள். நீண்ட கயிறு, அதில் ஆளுக்கொரு வளையம், ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சின்னக் கை. நடுவில் ஒரு சிறுமியின் கையுறை கழன்று விழ, முழு வரிசையும் நின்றது. ஆசிரியை குனிந்து கையுறையை மாட்டினார். ஒரு காரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அவர்கள் கடந்து முடிந்தபோது எங்களுக்கான விளக்கு மறுபடி சிவப்பாகியிருந்தது.

என் கால்கள் தளர்ந்துவிட்டன. முன்பென்றால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பேன்.

"வதனி, களைக்குது. கொஞ்சம் இருப்பம்."

"எனக்கும் களைக்குது" என்றாள்.

பக்கத்து மாடிவீட்டின் வெளிப்படியில் உட்கார்ந்தோம். வெயில் எங்கள் முழங்கால் வரைக்கும் வந்திருந்தது. விளக்கு பச்சையானது, சிவப்பானது, மறுபடி பச்சையானது. நாங்கள் எழும்பவில்லை. எனக்குள்ளே எங்கோ, முதுகின் இரு பக்கமும், சத்தமே இல்லாமல் வேலை நடந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் எனக்கு மூத்திரம் போகவேண்டும் போலிருந்தது. அதை வதனியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.